மாமா அப்பாவாகப் போன செவ்வாய்க்கிழமை

அகதி முகாமிலிருந்து முரசுமோட்டைக்குத் திரும்பி வந்த பிறகு, பிள்ளைகளை நெல் ஆலைத் தராசில் நிறுப்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. நெல்லுக் குற்றப் போகும் நாட்களில் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போவார். மூட்டை இறங்கியதும் அண்ணா ஏறுவார், பிறகு நான். அம்மா சொல்லும் எண்ணை நான் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். முகாமை விட்டு வரும்போது நாங்கள் எலும்பும் தோலுமாக இருந்தோம். கொப்பியில் அண்ணாவின் எண் கூடக் கூட அம்மாவின் முகம் தெளிந்தது. என்னுடைய எண் பெரிதாக அசையவில்லை. "இவவைச் சாக்கோட சேர்த்து வைச்சால்தான் முள்ளு அசையும்" என்று ஆலைக்காரர் சொல்வார். அண்ணா விழுந்து விழுந்து சிரிப்பார்.

அப்போது அண்ணாவுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. அவருடைய ஒரு நாள் சாப்பாட்டை இப்போதும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். காலையில் பணிசும் மாஜரினும். இடைவேளையில் கன்ரீனில் இரண்டு ரோல்ஸ். மத்தியானம் குவித்த சோறு, கருவாட்டுக் குழம்பு, பொரித்த மோர்மிளகாய். பின்னேரம் ஒரு சோடா, ஒரு பை மிக்சர். இரவு மறுபடியும் சோறு, அதற்கு மேல் அம்மா வற்புறுத்திப் போடும் இன்னொரு அகப்பை. பள்ளிக்கூடம் போவதும் வருவதும் அப்பாவின் மோட்டார் சைக்கிளில். இதில் பிழை இருப்பதாக யாருக்கும் படவில்லை. பசியில் கிடந்த பிள்ளை சாப்பிடுகிறான், அவ்வளவுதான்.

பெருத்த உடம்பால் அண்ணாவுக்கு ஒரு நன்மையும் கிடைத்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் இரும்புக் குண்டு போடுதலில் அவரை வெல்ல ஆளில்லை. வலய மட்டத்தில் முதலாவதாக வந்தார். மாகாணப் போட்டிக்குப் போக வைத்தியர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும் என்று விளையாட்டு ஆசிரியர் சொன்னார். அண்ணா குண்டு போடுவதே அப்பாவுக்குத் தெரியாது. ஓ.எல். சோதனை எடுக்கிற வருசத்தில் மைதானத்தில் என்ன வேலை என்பது அவருடைய கட்சி. பின்னேர வகுப்பு என்ற பெயரில்தான் அண்ணா குண்டு போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் எனக்கும் தெரியும், சொல்லமாட்டோம்.

அறுவடை நேரம். அம்மாவுக்கு வயலுக்குச் சமைத்து அனுப்பும் வேலை இருந்ததால், வைத்தியசாலைக்கு அண்ணாவோடு என்னை அனுப்பினார். இலக்கத் துண்டு எடுப்பது, முறை வருவதைக் கவனிப்பது, சொன்னதை எழுதிக்கொண்டு வருவது ஆகியவை என் பொறுப்பு. கொப்பியையும் கொண்டுபோனேன்.

கிளினிக்கில் இருந்தவர் ஓர் இளம் பெண் வைத்தியர். அண்ணாவின் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். சற்று யோசித்துவிட்டு மற்றக் கையிலும் பார்த்தார். வெளியே பத்து நிமிடம் சும்மா இருக்கச் சொல்லி, மூன்றாம் தரமும் பார்த்தார். பிறகு படிவத்தை மடித்து அண்ணாவிடமே கொடுத்தார்.

"தம்பி, அடுத்த செவ்வாய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவரைப் பார்க்காமல் நான் சைன் வைக்கமாட்டன்."

எங்கள் பள்ளிக்கூடத்தில் 'அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா' என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. கண்ணாடி உடைந்திருக்கும், அல்லது யாருடைய பல்லாவது உடைந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் குற்றவாளிகளைப் போலத்தான் வெளியே வந்தோம். என்ன குற்றம் என்பதுதான் விளங்கவில்லை. அப்பா வந்தால் படிவத்தைப் பார்ப்பார், குண்டு போடுதலும் மாகாணப் போட்டியும் அன்றோடு முடிந்துவிடும். வாசலில் வைத்தே அண்ணா முடிவெடுத்தார். அம்மாவிடம் இன்னொரு தரம் வரச் சொன்னதாக மட்டும் சொல்வது. அப்பாவாக மாமாவைக் கொண்டுபோவது.

மாமா அம்மாவின் தம்பி. விசுவமடுவில் இருந்தார். சைக்கிளில் பெட்டி கட்டி ஊர் ஊராக மீன் விற்பவர். மிதித்து மிதித்துக் காய்ந்த உடம்பு. அண்ணா ஒருமுறை வகுப்பில் சண்டை பிடித்தபோது அதிபருக்கு முன்னால் அப்பாவாகப் போய் நின்று, கண்கலங்கி, மன்னிப்பும் வாங்கிக்கொண்டு வந்தவர். ஆகவே அனுபவம் உள்ளவர்.

"அப்ப அதிபர், இப்ப டொக்டரோ? கலியாணம் கட்டாமலே எனக்கு இவ்வளவு பெரிய பிள்ளை" என்றார். மறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணா அலுமாரியிலிருந்து அப்பாவின் வெள்ளைச் சேட்டைக் களவாக எடுத்து வந்தார். அப்பா தொப்பையும் தோளுமாக இருந்த மனிதர். அந்தச் சேட்டு மாமாவின் மேல் கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. மீன் மணத்துக்கு மேல் பவுடர் பூசியிருந்தார். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தபோது இரண்டும் தனித்தனியாக மணத்தன. "இண்டைக்கு ஆரும் மாமா எண்டு வாய் திறந்தால், திரும்பிப் போறது நடைதான்" என்று எங்களை எச்சரித்தார்.

வைத்தியர் மாமாவைப் பார்த்தார், அண்ணாவைப் பார்த்தார், மறுபடியும் மாமாவைப் பார்த்தார்.

"பிள்ளை உங்களை மாதிரி இல்லையே."

"அது தாய்ப்பக்கம், டொக்டர். அவையள் எல்லாம் பெருத்த ஆக்கள்."

தாய்ப்பக்கம் என்பதே மாமாதான். நான் சிரிப்பை அடக்கக் கொப்பியைப் பார்த்தேன்.

திட்டு விழும் என்றுதான் மூவரும் காத்திருந்தோம். வைத்தியரோ மாமாவின் கையை நீட்டச் சொல்லி, அண்ணாவுக்குச் சுற்றிய அதே பட்டியைச் சுற்றினார். நூற்றிப் பத்துக்கு எழுபது, நல்லது என்று சொல்லிக்கொண்டே எழுதினார். நானும் எழுதினேன். பிறகு மாமாவின் தகப்பனார் இருக்கிறாரா, நெஞ்சு வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார். மாமா அன்றைக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான். "எழுபத்தெட்டு வயசு டொக்டர். இப்பவும் சைக்கிள்தான்."

அவர் சொன்னது அம்மாவின் அப்பாவை. எங்கள் அப்பாவின் அப்பா நாற்பத்து நாலு வயதில் வயல் வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தவர். ஆறாம் வகுப்பில் குடும்ப மரம் கீறச் சொன்னபோது ஒவ்வொருவருக்கும் கீழே இறந்த வயதையும் காரணத்தையும் எழுதியவள் நான். அந்தப் பக்கம் என் கையிலிருந்த கொப்பியிலேயே இருந்தது.

வைத்தியர் என் பக்கம் திரும்பி, அண்ணா ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுவார் என்று கேட்டார். பணிசிலிருந்து கடைசி அகப்பை வரை ஒன்று விடாமல் ஒப்புவித்தேன். அண்ணா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். வைத்தியர் முழுவதையும் எழுதிக்கொண்டார்.

"தங்கச்சி ஒழுங்காச் சொல்லுறா. குடும்பத்தைப் பற்றி வேற ஏதும் சொல்ல இருக்கோ?"

"இல்லை" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. நாடகத்தில் என் வசனத்தை நான் பிசகாமல் சொல்லிவிட்டேன்.

அண்ணாவின் பிரஷர் அன்று சற்றுக் குறைந்திருந்தது. தகப்பனுக்கு ஒன்றும் இல்லை, ஆகவே இது உடம்பு நிறையும் உப்பும்தான் என்று வைத்தியர் சொன்னார். கருவாடு, மோர்மிளகாய், சோடா மூன்றையும் விடச் சொன்னார். மாதம் ஒருமுறை வரச் சொல்லிப் படிவத்தில் கையெழுத்திட்டார்.

வீட்டில் மாமா அம்மாவிடம், பெடியனுக்குக் கொஞ்சம் பிரஷராம் என்று மட்டும் சொன்னார். பதினைந்து வயதில் பிரஷர் வருமா என்று அம்மா நம்பவில்லை. ஆலையில் எல்லாருக்கும் முன்னால் நிறுத்ததால் வந்த நாவூறு என்று தீர்மானித்தார். அன்று பின்னேரமே கைநிறைய உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, அண்ணாவின் தலையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார். வைத்தியர் குறைக்கச் சொன்ன உப்பில் எங்கள் வீட்டில் குறைந்தது அந்த ஒரு கைப்பிடிதான். அந்த நேரம் அப்பா, வழக்கமான தலையிடிக்குத் துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு விறாந்தையில் படுத்திருந்தார். வெடிக்கும் உப்பைக் கேட்டு, என்ன சத்தம் என்றார். ஒன்றுமில்லை என்றோம்.

மாகாணப் போட்டியில் அண்ணா நாலாவதாக வந்தார். படிவத்தின் வேலை முடிந்ததால் கிளினிக்குக்கு நாங்கள் பிறகு போகவில்லை.

ஆறு வருடம் கழித்து, வயலில் நெல் வெட்டும் மெசினுக்கு வழி காட்டிக்கொண்டு நின்ற அப்பா வரம்பில் விழுந்தார். ஆள் தப்பிவிட்டார், ஆனால் இதயத்தின் ஒரு பகுதி தப்பவில்லை. இப்போது ஐம்பது அடி நடந்தால் நின்றுதான் மூச்சு வாங்குவார். வைத்தியசாலையில், முன்பு எப்போதாவது பிரஷர் பார்த்திருக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார்கள். வாழ்க்கையில் ஒருநாளும் பார்த்ததில்லை என்றார். சுடுதண்ணிப் போத்தலோடு கட்டிலருகே நின்ற மாமா மெதுவாக வெளியே போனார்.

நான் இப்போது ஒரு வைத்தியசாலையில் ஈசிஜி எடுக்கும் வேலை செய்கிறேன். வளர்கிற பிள்ளையின் பிரஷர் கூடியிருந்தால் பெற்றோரையும் பார்க்க வேண்டும் என்று படிப்பில் ஒரு பாடம் வந்தது. மெலிந்து கிடந்த பிள்ளை சடுதியாகப் பெருத்தால் என்ன ஆகும் என்று இன்னொரு பாடம் வந்தது. இரண்டையும் கொப்பியில் எழுதும்போது என் கை கொஞ்சம் பிந்தியது. அண்ணா இப்போது காலையில் ஒரு பிரஷர் குளிசை போடுகிறார். அம்மா கருவாட்டை அவருடைய கண்ணில் காட்டுவதில்லை.

பழைய கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் அப்பாவைக் கூப்பிட்டால் அது மகனைத் தண்டிக்க. அந்த வைத்தியர் மகனின் கையில் எதையோ கண்டு, அது எங்கிருந்து வந்தது என்று அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். அது எனக்கு அன்று விளங்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், துண்டு இலக்கத்துக்கும் அண்ணாவின் நிறைக்கும் கீழே, என் வடிவான எழுத்தில் இப்படி இருக்கிறது: அப்பா, 110/70, நல்லது.