ஆஸ்மண்டின் கடைசி பஸ்

வெர்லீனுக்குப் பாட்டு என்றால் உயிர். பேச்சு என்றால் வேப்பங்காய். கிங்ஸ்டன் நகரத்துக்கோ அப்போது ஒரு பித்துப் பிடித்திருந்தது. நல்ல பாட்டிலிருந்து பாடகனின் குரலை உருவி எறிந்துவிட்டு, வெறும் டிரம்மும் பாஸ் கிட்டாரும் ஓட, எவனாவது மைக்கைப் பிடித்து அதன்மேல் பேசுவான். அவர்களில் ஒருவன் அவள் புருஷன் ஆஸ்மண்ட். வாரம் முழுக்க பஸ் கண்டக்டர், ஞாயிறு மத்தியானம் பேச்சுக்காரன்.

"பாட வராதவன்தான் பேசுவான்," என்பாள் வெர்லீன், பள்ளிக்கூடக் காக்கிச் சட்டைக்குக் காஜா எடுத்தபடி.

"ஒரு தடவ வந்து கேளுடி. புடிக்கலேன்னா என் வாயத் தெச்சிரு. ஊசி நூலு உங்கிட்டதான இருக்கு."

பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் போகவில்லை. சர்ச்சில் பாடுகிறவள் ஆட்டக் கொட்டகைக்குப் போவதா? அந்த வீம்புக்காக இன்றும் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

ஆஸ்மண்ட் காய்ச்சலில் போனான். மே பென் இடுகாட்டில் புதைத்தார்கள். ஒன்பதாம் நாள் சொந்தமெல்லாம் கூடி, பொரித்த மீனும் ரம்முமாக அவனை வழியனுப்பியது. அவன் அக்கா ஐசில்டா கட்டிலைத் திருப்பிப் போட்டாள், அலமாரியை இடம் மாற்றினாள். செத்தவன் திரும்பி வந்தால் வீடு அடையாளம் தெரியக் கூடாது. இசைத்தட்டு ஓட்டும் ரேடியோகிராம் பெட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. அதில் கனமும் அதிகம், அன்று ரம்மும் அதிகம்.

மறுவாரம் ஸ்டுடியோக்காரர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்தார். ஆஸ்மண்ட் பேசியது, ஒரே பிரதி.

"மெல்லிசுத் தட்டும்மா. ஓட்ட ஓட்டத் தேஞ்சிரும்."

கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினாள். பாஸ் தரையில் அதிர்ந்தது.

"பப்பைன் ஸ்டாப்பு! ஏறுறவங்க ஏறுங்க! கோழிக்கு டிக்கெட் இல்ல, கோவக்காரப் பொண்டாட்டிக்கு ரெண்டு டிக்கெட்டு!"

அவன் பாடவில்லைதான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் டிரம் அடிக்குக் கொஞ்சம் பிந்தி, ஓடும் பஸ்ஸில் தாவி ஏறுகிறவன் மாதிரி வந்து நின்றது. வெர்லீன் சிரித்தாள், அப்புறம் அழுதாள். இதையா வேண்டாம் என்றேன்? 'லிகனீ' என்று அடுத்த ஸ்டாப்பைச் சொன்னதும் தட்டு முடிந்தது.

மறுநாள் ஓட்டினாள். லிகனீ தாண்டி கிராஸ் ரோட்ஸ் வந்தது. நேற்று அது இல்லையே! மூன்றாம் நாள் டாரிங்டன் பாலம். தட்டு தேயத் தேய டிரம் மங்கியது, பாஸ் போயே போயிற்று. குரல் மட்டும் நாளுக்கு நாள் பக்கத்தில் கேட்டது.

ஐசில்டாவைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டினாள். கேட்டவள் உட்காரவே இல்லை.

"அடிப்பாவி, இந்தப் பெட்டியத் திருப்பாம விட்டுட்டமே! இத அடையாளம் வச்சுத்தான் வர்றான். பாலத்துக்கு அடுத்த ஸ்டாப்பு எது?"

"நம்ம சந்துதான். வந்தா வரட்டும் மிஸ் ஐசி, என் புருஷந்தான?"

"வர்றவன் தனியாத் திரும்ப மாட்டான். அதவிடு, அவன் கதியப் பாரு. படுத்துக் கெடக்க வேண்டியவன் பஸ்ஸுல நின்னுக்கிட்டே அலையுறான்."

வெர்லீனுக்கு அவன் கால்கள் ஞாபகம் வந்தன. சாயங்காலம் வீங்கிப்போய் வரும். உப்புத் தண்ணீரில் வைத்து அவள்தான் பிடித்துவிடுவாள். அவளே முதலில் பெட்டியில் கை வைத்தாள். இருவருமாகப் பெட்டியைத் தள்ளி எதிர்ச் சுவரில் சேர்த்தார்கள்.

"கடைசியா ஒரு தடவ, மிஸ் ஐசி. வழியனுப்பிர்றேன்."

"கூப்புட்டா வாயத் தொறக்காத."

முள் இறங்கியது. டிரம் இல்லை, பாஸ் இல்லை.

"நம்ம சந்து! எறங்குறவங்க இருக்கீங்களா?" குரல் தயங்கியது. "வெர்லீன்? இதுதான நம்ம வீடு?"

அவள் காக்கித் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பஸ்ஸே நுழைய முடியாத அந்தச் சந்தில், ஜன்னலுக்கு வெளியே ஒரு என்ஜின் உறுமிக்கொண்டு நின்றது.

"இது இல்ல போல. ரைட், போலாம்!"

உறுமல் நகர்ந்து தேய்ந்தது. "பரேட் ஸ்டாப்பு..." என்றது குரல். வெகுநேரம் கழித்து, "மே பென். கடைசி ஸ்டாப்பு." பிறகு யாரோ பெருமூச்சோடு உட்கார்ந்தார்கள். இரண்டு பூட்ஸ் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

முள்ளை எடுத்தாள். தட்டில் ஒரு கோடுகூட இல்லை, வழவழவென்று இருந்தது.

"நல்லாப் பேசுனய்யா," என்றாள் வெர்லீன். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.