காற்றில் நூல் இழுத்த அக்கா தங்கை

ராயபுரத்தில் கடலை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள் தேவகிருபை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அதிகம் பேசமாட்டாள், வந்தவரின் கண்ணையும் நாக்கையும் பார்த்த பிறகுதான் வாய் திறப்பாள்.

1951 சித்திரையில் ஒரு பிற்பகல், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கமாலுதீன் தன் மனைவி ஜன்னத்தையும் அவள் தங்கை சபீஹாவையும் ஜட்கா வண்டியில் கொண்டுவந்தான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இல்லாத நூலைக் காற்றில் இழுத்தார்கள். ஒருத்தி இழுத்ததை மற்றவள் வாங்கி விரலில் சுற்றினாள். நடுநடுவே காலி மூலையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"வேல முடிஞ்சி வந்து பாத்தா இப்டி கீதுங்க நர்ஸம்மா. செத்துப்போன என் மாமியாராண்ட பேசிக்கினு கீதுங்க. காத்து அடிச்சிடுச்சின்னு மந்திரிக்கிறவர இட்டாந்தாங்க. ஒண்ணும் கேக்கல."

தேவகிருபை ஜன்னத்தின் இமையைத் தூக்கினாள். கண்மணி விரிந்து கண்ணே கறுத்திருந்தது. அந்த வெயிலிலும் பொட்டு வியர்வை இல்லை. முகம் சிவந்து அனலடித்தது. நாக்கு காய்ந்து ஒட்டிக்கிடந்தது.

"மத்தியானம் என்ன சாப்பிட்டாவ?"

"கீரைம்மா. பேசின் பிரிட்ஜ் ரயில் லைனோரம் பறிச்சாந்ததாம். நான் துன்னல."

"சட்டியையும் ஆஞ்ச குப்பையையும் எடுத்துட்டு வாரும். இது பேயில்ல, ஊமத்தை. ஓடும்!"

வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த டாக்டர் பக்தவச்சலத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு, விரிந்த கண்ணில் வெளிச்சம் படாதபடி சன்னல்களைச் சாத்தினாள். ஆயா கன்னியம்மா தலையைப் பிடித்துக்கொள்ள, சபீஹாவின் வயிற்றுக்குள் ரப்பர் குழாயை இறக்கி, பெர்மாங்கனேட் கலந்த இளஞ்சிவப்புத் தண்ணீரால் கழுவினாள். பிறகு ஜன்னத்திடம் வந்தாள். ஜன்னத் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவர உக்காரச் சொல்லு. சட்டையெல்லாம் தண்ணி சொட்டுது."

தேவகிருபையின் கணவன் எண்ணூர் முகத்துவாரத்தில் மூழ்கி நாலு வருடமாகியிருந்தது. ஜன்னத்துக்கு அது தெரிய வழியே இல்லை. விஷம்தான் பேசுகிறது என்று தேவகிருபைக்குத் தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்க்காமலே குழாயை இறக்கினாள்.

கமாலுதீன் கொண்டுவந்த குப்பையில் முள்ளு முள்ளாய் ஒரு பச்சைக் காய் கிடந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டார். இருவருக்கும் சிறுநீர் இறங்காததால் குழாய் வைத்து எடுத்து, அதில் ஒரு சொட்டை ஆஸ்பத்திரிப் பூனையின் ஒரு கண்ணில் விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கண் மட்டும் கறுத்து விரிந்தது.

"ஊமத்தையேதான்" என்றார்.

இரண்டு நாள் ஈரத்துணி போட்டபடி தேவகிருபை அவர்கள் பக்கத்திலேயே இருந்தாள். மூன்றாம் நாள் இருவரும் தெளிந்து கஞ்சி கேட்டார்கள்.

"அன்னைக்கு எனக்குப் பின்னால யாரைம்மா பார்த்தே?" என்று மெதுவாகக் கேட்டாள் தேவகிருபை.

"நானா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லியே நர்ஸம்மா" என்றாள் ஜன்னத்.

தேவகிருபை கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள்.