தொடாமல் எழுப்ப வேண்டும்

கடைசி ஸ்டேஷனில் தூங்குகிறவர்களை எழுப்பி இறக்கிவிடுவதும் ஒரு வேலைதான், அதற்குச் சம்பளமும் உண்டு.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானைத் தாண்டி வரும் ரயில், துறைமுகத்தோடு நின்றுவிடும். எல்லாரும் இறங்கிய பிறகு பெட்டிகளைக் கூட்டித் திருப்பி அனுப்புவோம். கிள்ளானில் இறங்க வேண்டியவர்கள் தூங்கிப்போய் என்னிடம் வந்து சேருவார்கள். ரயிலில் ஒரு தடவையாவது கண்ணசந்து ஊர் தாண்டிப் போன உங்களுக்கு இது புரியும். அந்தக் குளிரும் ஆட்டமும் யாரைத்தான் விட்டது?

கம்பெனியில் கண்டிப்பான சட்டம் ஒன்று: குரல் கொடுக்கலாம், தொடக்கூடாது. என்மேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது. இனி ஏதாவது தப்பு நடந்தால் ரவாங்குக்கு மாற்றல் என்று சொல்லிவிட்டார்கள். என் வீடோ ஸ்டேஷனுக்குப் பின்புறம். ரவாங்கோ இதே ரயில் பாதையில் எங்கேயோ மறுகோடியில்.

அந்தப் புகார்

முறை சொல்லிக் கூப்பிடுவதில்தான் இந்த வேலையே இருக்கிறது. ‘பாஸ்’ என்றால் இளவட்டங்கள் விழிப்பார்கள். ‘அங்கிள்’ என்றால் பெரியவர்கள் பையைத் தடவிக்கொண்டே எழுவார்கள்.

ஒரு மத்தியானம் பச்சைச் சேலைக்காரர் ஒருவர் ஜன்னலில் தலை சாய்த்து, சிரித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கடல் பக்கத்து வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்திருந்தது. எழுப்பவே மனசில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மெதுவாக, “ஆன்டி... ஆன்டி...” என்றேன். ஒரு கண் திறந்து என் கொண்டை நரையைப் பார்த்தது.

“நான் உனக்கு ஆன்டியா? உன் வயசென்ன, என் வயசென்ன? பேரைச் சொல்லு, கம்ப்ளேன் பண்றேன்!”

மல்லிகைச் செடி

சுங்கை பூலோவில் செடிக்கடை வைத்திருப்பவர் ஒருவர், காலிடுக்கில் மல்லிகைத் தொட்டியோடு தூங்கிக்கொண்டிருந்தார். “அண்ணே, கடைசி ஸ்டேஷன்” என்றேன். கண்ணைத் திறக்காமலே, “தண்ணி ஊத்திட்டியா?” என்று கேட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, “ஊத்திட்டேண்ணே” என்று சொல்லிவிட்டேன்.

காலிப் பெட்டி, மல்லிகை வாசனை, வெளியே மழை இருட்டு. அவர் கனவுக்குள் நானும் ஈர மண்ணில் நிற்பதுபோல இருந்தது. அங்கேயே நின்றுவிடலாம் என்றுகூட ஆசைப்பட்டேன். அவர் தலையை வசதியாகச் சாய்த்துக்கொண்டார்.

“அப்ப கடையை நீயே பாத்துக்க, நான் இன்னும் கொஞ்சம் தூங்குறேன்.”

மாப்பிள்ளை

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், மடியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைப் பை, அதற்குள் இரண்டு ரோஜா மாலைகள். ஆள் அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறார். கையிலிருந்த போன் விடாமல் அடிக்கிறது, திரையில் ‘அம்மா’.

தம்பி என்றேன், பாஸ் என்றேன், மாப்பிள்ளை என்றே கத்தினேன். அசையவில்லை. கிள்ளான் கோயில் மணவறையில் ஒரு பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். ரவாங்காவது ஒன்றாவது என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“அலாமா, கிள்ளான் போயிடுச்சா!” என்று துள்ளி எழுந்தார். சொல்லி வைத்திருந்த மாலை வரவில்லையாம், கார்களெல்லாம் கோயிலுக்குப் போய்விட்டதால் தானே ரயிலேறி வாங்கப் போனாராம். அதே ரயில்தான் திரும்பும். இறக்காமல், உட்காரவும் விடாமல், கம்பியைப் பிடித்து நிற்க வைத்து அனுப்பினேன். மாலைகளை நெஞ்சோடு அணைத்தபடி அவர் நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

தாலியை நேரத்துக்குக் கட்டிவிட்டார். மாலையும் கழுத்துமாக வீடியோவும் போட்டுவிட்டார்: “தோளைப் பிடிச்சி உலுக்கி எழுப்புன ஸ்டேஷன் அக்காவுக்கு ரொம்ப நன்றி!” கிள்ளானே பார்த்தது, கம்பெனியும் பார்த்தது. மாற்றல் சேதியோடு வந்த சூப்பர்வைசர் தேவகி அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

“அந்த ஆளு கொஞ்சம் நன்றிகெட்டவனா இருந்திருந்தா, நீ இங்கேயே இருந்திருப்ப லா!”

ஆக, ஊரார் தூக்கத்தைக் கெடுத்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை, தினமும் ரவாங் போகவர ரயிலில் ஜன்னலோரமாக நிம்மதியான தூக்கம்.