நாற்காலி முதுகில் எழுதிய நம்பர்

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி, இணைய லைன் விற்க வந்த இளைஞன். விஷயம் தெரிந்த ஐந்தாவது ஆள் ஒருவர் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பேன். நினைத்து என்ன.

மலேசியாவின் கெடாவில், லூனாஸ் ஊரில் எனக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் தொழில். நானூறு நாற்காலி. ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புச் சாயத்தில் கடை ஃபோன் நம்பர். வேறு விளம்பரம் வைத்ததில்லை. சாவு வீட்டில் முன்வரிசை நாற்காலியின் முதுகையே மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது தானாக மனப்பாடமாகிவிடும். அடுத்த சாவுக்கு அவன் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

மழை பெய்தால் பழைய ஃபோன் லைன் இரையும். ஃபைபருக்கு மாறுங்கள் என்று மைத்துனன்தான் அந்த இளைஞனைக் கூட்டிவந்தான். அவன் தாளை விரித்து எஸ்.எல்.ஏ. என்றான், லைன் கெட்டால் இத்தனை மணி நேரத்தில் சரிசெய்வோம் என்ற வாக்குறுதியாம். வி.ஓ.ஐ.பி. என்றான், பேச்சு இணையம் வழியாகப் போகுமாம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று தலையை மட்டும் ஆட்டினேன். படிவம் இரண்டோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவன் நான். புரியவில்லை என்று சொல்லக் கூசியது.

பழைய நம்பர் என்னவாகும் என்று கேட்டவள் என் மனைவிதான்.

"அதைப் போர்ட்டிங் பண்ணிடுவோம்க்கா. அதே நம்பர் புது லைனுக்கு வந்துரும்லா."

எத்தனை நாளாகும், நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா என்று நான் ஆரம்பித்தேன். மைத்துனன் சிரித்தான். "மாமா, நீங்க கேக்கறதுக்கெல்லாம் பதில் சொன்னா அவரு இங்கயே பென்ஷன் வாங்கிருவாரு."

நானும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இருபத்து நான்கு மாத ஒப்பந்தம், மாதம் நூற்று எண்பத்தொன்பது ரிங்கிட்.

புது லைன் வந்தது, தற்காலிகமாக வேறொரு நம்பரோடு. மூன்று வாரமாகியும் பழைய நம்பர் அதற்கு வரவில்லை. பழைய லைனுக்கும் பில் வந்தது. சமையல் கேஸை அடைத்தேனா என்று இரண்டு தரம் எழுந்து பார்க்கிறவன் நான். இரண்டு பில்லை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவேன்? யாரிடமும் சொல்லாமல் கூலிம் டவுனில் டெலிஃபோன் ஆபிசுக்குப் போய்ப் பழைய லைனை வெட்டச் சொன்னேன். கவுண்டர் பெண் நிச்சயமா என்று மலாயில் இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் ஆமாம் என்றேன். வெளியே வந்து, நல்ல காரியம் செய்தவனைப்போல் தே தாரிக் டீ குடித்தேன்.

இளைஞனுக்கு ஃபோனில் இதைச் சொன்னேன்.

"ஏன்ணே வெட்டுனீங்க? உயிரோட இருக்கற நம்பரைத்தான் மாத்த முடியும்."

அதற்குப் பிறகு அவன் என் அழைப்பை எடுக்கவில்லை. மறுபடி கவுண்டருக்குப் போனேன். அந்த நம்பர் இனி கிடைக்காது என்றார்கள். அதே பெண்தான். என்னை அடையாளம் தெரியாததுபோல் இருந்தாள். அது அவள் காட்டிய இரக்கம்.

இரண்டு மாதம் கழித்து, காய்கறி வாங்கப் போன பாசாரில் ஓர் எஸ்டேட்காரரைப் பார்த்தேன். அவர் வீட்டில் மூன்று கல்யாணத்துக்கு என் கூடாரம்தான். மொட்டைத் தலையோடு நின்றார். அப்பா தவறிப் பத்து நாளாகிறதாம்.

"நாலு தரம் அடிச்சேன்ணே. லைனே இல்ல. கடையை மூடிட்டீங்கன்னு நெனச்சோம்."

என் நாற்காலியைப் பார்த்து மனப்பாடம் செய்த நம்பரைத்தான் அடித்திருக்கிறார். வேறு கடை நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

மைத்துனன் இப்போது, அன்றைக்கே கேட்டிருக்கலாமே மாமா என்கிறான். மனைவி சாயம் கரைக்கும் தின்னரும் துணியும் வைத்து நாற்காலி முதுகுகளில் பழைய நம்பரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மணி அடிக்காத புது லைன் எதற்கென்று ஐந்தாம் மாதம் நிறுத்தப் போனேன். நிறுத்தலாமாம், மிச்சமுள்ள பத்தொன்பது மாதத்தையும் கட்டிவிட்டு. தாளில் இருந்தது, என் கையெழுத்துக்கு மேலேயே.

பாக்கி மூவாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொரு ரிங்கிட்.