சித்தப்பா நீட்டிய சக்கரம்

இந்த உலகத்தில் பிரேக் பிடிக்கத் தெரிந்தவர் மொத்தமே ஒருத்தர்தான். அது என் சித்தி. மற்றவர்கள் ஏதோ கம்பியை இழுத்து, ஏதோ நின்று, ஏதோ பிழைப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சித்தி மனசு வைத்து இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால் பூமியே நின்று, "என்னம்மா வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பச் சுற்றும். நிலா இன்னும் நம் தலையில் விழாமல் இருப்பதும் சித்தியின் தயவில்தான் என்று அறிவியல் பரீட்சையிலேயே எழுதினேன். மார்க் போடவில்லை. எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போனதற்கு அதுதான் காரணம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. வேலை, பல்செட் செய்வது. பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதை வைத்துப் பல் செய்து தருகிற கூடத்தில் சித்தியுடையது ஜன்னலோர மேஜை. மேஜை முழுக்க வெள்ளை மாவு, பிங்க் மெழுகு, சிரிக்கவே தெரியாத பதினைந்து இருபது வாய்கள். அதிலிருந்து ஒரு பழைய செட்டை நான் சுட்டுக்கொண்டு வந்து வெண்ணெய் டப்பாவில் வைத்த கதை வேறு. சித்தப்பா ஒரு வாரம் ரொட்டியை வெறுமனே தின்றார்.

பல் செய்கிறவர்களிடம் மெல்லிசாக நீலத்தாள் ஒன்று இருக்கும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்துக் கடித்தால் எங்கே இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் ராவுவார்கள். சித்தி அதே தாளைத் தன் சைக்கிள் பிரேக்குக்கும் வைப்பாள். அவளுடையது பந்தய சைக்கிள், ரிம் பிரேக். இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் கவ்வும். நீலம் ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டினால் திருகைத் தளர்த்தி, கட்டையை மயிரிழை நகர்த்தி, திரும்பத் தாள் வைத்துப் பார்ப்பாள். இந்த வேலை நடக்கும்போது வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது.

சித்தப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார, பக்கத்து சீட்டில் இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அவர்கள் ஓட்டுவார்கள், இவர் நிறுத்துவார். ஊருக்குள் இவர் பெயர் ரெண்டாம் பிரேக்.

இவர்கள் கல்யாணக் கதையே ஒரு சக்கரத்தில்தான் தொடங்கியது. மலைப்பாதையில் ஒரு சைக்கிள் பந்தயம். இவருடைய முன்சக்கரம் உடைந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பின்னால் வந்த முன்பின் தெரியாத ஒருத்தி இறங்கி, தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்து, "எனக்கு இன்னிக்குக் கால் வரல, நீங்க போங்க" என்றாள். கால் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இவர் அந்தச் சக்கரத்தோடு பந்தயத்தை முடித்து, திருப்பிக் கொடுக்க மலை ஏறி வந்தார். "சக்கரத்தைக் கொடுத்துட்டேன். கிளம்பத்தான் மனசு வரல" என்று இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்வார். சித்தி, "கிளம்பியிருந்தா வெண்ணெயாவது மிஞ்சியிருக்கும்" என்பாள்.

அன்றிலிருந்து இருவர் சைக்கிளும் ஒரே அச்சு. அவள் சக்கரம் அவருக்குப் பொருந்தும், அவர் சக்கரம் அவளுக்குப் பொருந்தும். வருஷா வருஷம் அதே மலையில் ஜோடி ஓட்டம் நடக்கும். வெளியாள் யாரும் சாமான் கொடுத்து உதவக் கூடாது. ஜோடியில் இரண்டாவதாக வருகிறவரின் நேரம்தான் கணக்கு. ஆக, ஒருத்தருக்கு இன்னொருத்தரை விட்டால் கதி இல்லை. சித்திக்கு அந்த ஓட்டத்தில் பிடித்ததே அதுதான்.

போன வருஷம் இறக்கத்தில் மழை. ரிம் பிரேக்கில் ஒரு சங்கடம் உண்டு. விளிம்பு நனைந்துவிட்டால், பிடித்ததும் நிற்காது. சக்கரம் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கவ்வும். கடைசி வளைவில் சித்தப்பாவுக்கு அந்த இரண்டு மூன்று சுற்று கிடைக்கவில்லை. பள்ளத்தின் விளிம்பில் இருந்த மணலில் போய் நின்றார். ஒரு சாண் தள்ளியிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். சித்தி முன்னால் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள். யாரும் பார்க்கவில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சித்தப்பா ஒரு நாள் ஒரு புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். டிஸ்க் பிரேக் சைக்கிள். சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு வட்ட இரும்புத் தகடு இருக்கும். பிரேக் அதைத்தான் கவ்வும், விளிம்பு நனைந்தால் நனையட்டும் என்று. அதை மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அறையில் ஒளித்து வைக்க வேண்டுமாம். அந்த அறையின் சாவி என் பொறுப்பு.

"காரணம் சொன்னாத்தான் சாவி," என்றேன்.

"ஒரு ஆசைதான்."

"ஆசைக்கு எல்லாம் அறை கிடையாது சித்தப்பா. ஒட்டடைக்கே இடம் பத்தல."

சொன்னார். இப்போதெல்லாம் இறக்கத்தில் கை நடுங்குகிறது என்றார். அவளிடம் சொல்லிவிடாதே என்றார். எப்போதும் வாய்க்கு வருகிற நக்கல் அன்றைக்கு வரவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

சித்தி வேலைக்குப் போயிருக்கும் நேரங்களில் அவர் மலைக்குப் போய்ப் பழகினார். ஒரு தடவை நானும் போய் அடிவாரத்தில் நின்றேன். இறங்கி வந்து நின்றதும், "இது என்ன, சின்னத் தட்டு மாதிரி?" என்று அந்தத் தகட்டில் விரலை அழுத்தி வைத்தேன். நீளமான இறக்கத்துக்குப் பிறகு அது அடுப்பு மாதிரி கொதிக்கும் என்று அவர் சொன்னது என் விரல் வெந்த பிறகு.

வீட்டில் வாணலி சுட்டுவிட்டது என்றேன். சித்திதான் மருந்து போட்டுக் கட்டினாள். ஊதி ஊதிப் போட்டாள். "வாணலியை எடுக்கத் துணின்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க, வாலு. கேள்விப்பட்டிருக்கியா?" என்றாள்.

விரல் ஆறுவதற்குள் குட்டு உடைந்தது. இஸ்திரி மேஜை எடுக்க வந்த சித்தி, நான் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துச் சாவியை எடுத்துத் திறந்துவிட்டாள். தலையில் துண்டோடு வந்தால், அறைக்குள் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

"இது யாரோடது?"

"அட, இதென்ன சைக்கிள்? எப்படி உள்ள வந்துச்சு?" என்றேன். என் நடிப்பு எனக்கே பிடித்திருந்தது.

சித்தி சீட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அது அவள் விலா எலும்பு வரைக்கும் வந்தது. "இவ்வளவு உயரத்துல உட்கார்ற ஆள் நம்ம குடும்பத்துல ஒருத்தர்தான்," என்றாள். போன் பண்ணி வரச் சொன்னாள்.

சித்தப்பா வந்தார். பார்த்தார். "உனக்கு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னுதான். இவளுக்குக்கூடத் தெரியாது," என்றார்.

"ரொம்ப ஆச்சரியமா இருக்குங்க."

சித்தி அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால்தான் மரியாதை வரும்.

"உனக்கும் இதே மாதிரி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். ரெண்டு பேரும் மாத்திக்கலாம்."

"எப்பலேர்ந்து பார்த்துக்கிட்டிருக்கீங்க?"

அவர் புது சைக்கிளின் சீட்டைத் துடைத்தார்.

"உங்க சக்கரம் இனிமே என் சைக்கிள்ல மாட்டாது. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வாங்கியிருக்கீங்க."

அவர் வாசலில் செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார். சித்தி என் பக்கம் திரும்பி, துண்டு நழுவிய என் தலையைத் தானே துவட்டினாள். "எங்கிட்ட நாடகம் போடாதது நீ ஒருத்திதான். சேட்டை பண்ணாலும் முகத்துக்கு நேரா பண்ணுவே," என்றாள். வெந்த விரல் அவ்வளவு வலிக்கவில்லை.

ஆனால் சித்தி நியாயஸ்தி. கோபத்தில் முடிவெடுக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரர் தரையில் தண்ணீரைக் கொட்டி, டிஸ்க் சைக்கிளைக் கையில் கொடுத்தார். சித்தி ஓட்டிப் பார்த்தாள், பிடித்துப் பார்த்தாள், திரும்ப ஓட்டினாள்.

"நல்லாத்தான் பிடிக்குது. குறை சொல்ல முடியாது."

"அப்புறம் என்னங்க யோசனை? ஒரு விரல் போதும். மழை, சேறு ஒண்ணும் பண்ணாது. விளிம்பும் தேயாது."

"தகட்டுல எண்ணெய் பட்டா?"

"கத்தும். பிடிக்காது. கட்டையை மாத்தணும்."

"மலையில பழுதானா நானே பார்த்துக்கலாமா?"

"கொஞ்சம் சிரமம்தான். அதான் சார் கூடவே வர்றாரே," என்றார் கடைக்காரர்.

சித்தி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். வீட்டுத் தெரு வந்ததும், "அவருக்கு அது பிடிச்சா அதை ஓட்டட்டும். என் சக்கரம் யாருக்காவது வேணும்னா கழட்டிக் கொடுக்கிற மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

அதற்காக ஜோடி ஓட்டத்திலிருந்து பெயரை எடுக்கவில்லை. அவரோடு இந்த ஓட்டம் ஓடி முடித்தால்தான், இனிமேல் அவரோடு ஓடுவதா வேண்டாமா என்று தனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் சொன்னாளாம். அம்மா, "சைக்கிளுக்குப் போய் இவ்வளவா?" என்றாளாம். "சைக்கிளுக்கு இல்லக்கா," என்று மட்டும் சொன்னாளாம்.

ஓட்டத்தன்று எனக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை. இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு மேஜை, ஒரு டிரம், காகிதக் கோப்பைகள், நான். மழை இல்லை. வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. சித்தப்பாவைப் பார்த்து, உங்களுக்காகவே மழை இந்த வருஷம் லீவு போட்டுவிட்டது என்று சொல்ல ஒரு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன்.

சித்திதான் முதலில் தெரிந்தாள். கடைசி வளைவில் சாய்ந்து, இரண்டே விரலில் வேகத்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வந்தாள். பார்க்க அவ்வளவு அழகு. சித்தப்பா அவள் பின்னாலேயே ஒட்டி வந்தார். கை நடுங்குவதாகத் தெரியவில்லை. மேஜைக்குக் கொஞ்சம் முன்னால் தார் பெயர்ந்து ஒரு குழி. சித்தி அதில் விட்டாள். உடைகிற சத்தம் எனக்கே கேட்டது.

முன்சக்கரம் நசுங்கி, கம்பிகள் இரண்டு பிய்ந்து தொங்கின. அடி ஒன்றும் படவில்லை. எழுந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்திக்கொண்டு நின்றாள். நான் கோப்பையோடு ஓடினேன்.

சித்தப்பா இறங்கினார். சைக்கிளைக் கவிழ்த்து, முன்சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிடித்து அவளிடம் நீட்டினார். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. நீட்டின பிறகுதான் அவருக்கே உறைத்தது. நடுவில் அந்த வட்டத் தகடு பளபளவென்று இருந்தது. மாட்ட முடியாத சக்கரத்தை வைத்துக்கொண்டு, திரும்ப எடுத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றார்.

சித்தி அதைப் பார்த்தாள். "ஏன்?" என்றாள்.

"போன வருஷம் இந்த வளைவுல எனக்கு நிக்கல. பள்ளத்து விளிம்புக்கே போயிட்டேன். அதுலேர்ந்து பயமா இருக்கு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ சிரிச்சுக்கிட்டே இறங்குறவ. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

சித்தியின் முகம் கொஞ்சம் இளகியது. பல வாரங்களாக அந்த இளகின முகத்தைப் பார்க்காமல் இருந்த எனக்குத்தான் அது தெரியும்.

"இத்தனை நாளும் தனியாவா வச்சுக்கிட்டிருந்தே? யாருகிட்டயுமே சொல்லலையா?"

நீ என்றாள். எனக்கு உயிர் வந்தது.

"யாருகிட்டயும் இல்ல," என்றார் சித்தப்பா, என்னைப் பார்க்காமல்.

சித்தி அவர் கையிலிருந்த சக்கரத்தை வாங்கக் கை நீட்டினாள். விரல் நேராக அந்தத் தகட்டுக்குப் போனது.

"சித்தி, தொடாத. சுடும்."

வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. சித்தியின் கை அப்படியே நின்றது. அவள் தகட்டைப் பார்த்தாள், அதில் வரிசையாக இருந்த ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு கோப்பையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். விரலைக் கோப்பைக்குப் பின்னால் மடக்கினேன். தண்ணீர் சட்டையில் கொட்டியது.

ஒரு அச்சைப் பார்த்தே அது எந்த வாய் என்று சொல்லுகிறவள் அவள். என் கையைப் பிடித்து, விரலை மெதுவாக நிமிர்த்தி, வெளிச்சத்தில் திருப்பினாள். ஆறின தழும்பு, நடுவில் வேகாமல் தப்பித்த வட்டம் ஒன்று.

"உங்க வீட்டு வாணலில ஓட்டை இருக்குதுங்களா?" என்று என்னைக் கேட்டாள் சித்தி.