கவிழ்த்து வைத்த சட்டி

எங்கள் படகின் கூரையில் செய்மதிப் பெட்டி பூட்டிய நாளில் மகிழ்ந்தவள் நான் ஒருத்திதான். ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் எல்லாம் அது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. வானத்தில் சுற்றும் செய்மதி ஒரு வெளிநாட்டுக் கம்பனியுடையது. படகு நிற்கும் இடத்தைக் கொழும்பில் திரையில் பார்ப்பது ஒரு தனியார் கம்பனி. சட்டமும் அனுமதிப்பத்திரமும் திணைக்களத்துடையவை. வாப்பா மௌத்தான பிறகு படகு என் பெயரில் இருந்ததால் கையெழுத்தும் என்னுடையது. யோசிக்காமல் போட்டேன்.

படகை ஓட்டும் தண்டயல் என் தம்பி. கல்முனைக்குடியில் அவனளவு சூரை மீன் பிடிப்பவர்கள் குறைவு. அவனுக்கென்று கடலில் ஓர் இடம் இருந்தது. அதைப் பெண்சாதிக்கும் சொல்லமாட்டான். அவளுடைய மூத்த அண்ணன், காக்காவும் தண்டயல்தான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனுசர்.

"மூணு பேரும் சேந்து என்ட எடத்த உலகத்துக்கே காட்டப்போறாங்க ராத்தா" என்றான் தம்பி. படகின் இடத்தை உரிமையாளர் சம்மதமின்றிப் பிறருக்குச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதை வாசித்தே காட்டினேன். கேட்டால்தானே.

அடுத்த பயணத்தில் கம்பனிப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். படகு திரையில் இல்லை என்றாள். கரைக்கு வந்தவனிடம் கேட்டால், மழை முகில் மறைத்ததாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனை அன்றுதான் நேரில் கண்டேன். சிக்னல் போகாதபடி சோறாக்கும் அலுமினியச் சட்டியைப் பெட்டிக்கு மேல் கவிழ்த்து வைத்திருக்கிறான். இன்னொரு முறை நடந்தால் அனுமதிப்பத்திரம் ரத்து என்று திணைக்கள அதிகாரி எச்சரித்தார். நான் ஏசிய ஏச்சில் தம்பி தலை குனிந்து, இனிச் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனான்.

ஒரு நாள் காலை, மீண்டும் அந்தப் பெண்.

"ரெண்டு நாளா உங்கட படகு திரையில இல்ல. இப்ப வந்திருக்கு. ஆபத்துப் பட்டனை அழுத்தியிருக்காங்க. ரேடியோவில பதில் இல்ல."

வாக்கை மீறிவிட்டானே என்ற கோபம்கூட வரவில்லை. அவனே சட்டியைத் தூக்கியிருக்கிறான் என்றால் அங்கே நிலைமை எப்படி இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

திணைக்கள அதிகாரியும் அதே அழைப்பில் இருந்தார். கடற்படைக் கப்பல் போய்ச் சேர மறுநாளாகும். பக்கத்தில் ஒரு படகு இருக்கிறது, ஆனால் இடத்தைச் சொல்ல உங்கள் சம்மதம் வேண்டும் என்றார். அந்தப் படகு தம்பியின் மச்சானுடையது, அவன் பெண்சாதியின் அதே காக்காவுடையது.

"குடுங்க" என்றேன். அவர் கேட்டு முடிக்கவில்லை.

மச்சான் அவர்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். ஒருவருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். தம்பி இறங்கியதும் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அவருக்கு ஏன் ராத்தா என்ட எடத்தச் சொன்ன?"

"ஓம், நான்தான் சொல்லச் சொன்னன். நீ மௌத்தாப் போனா அந்த எடத்த வெச்சி நான் என்னடா செய்யிற?"

மச்சான் கேட்காதவர்போல் கயிற்றைச் சுருட்டினார். அப்போது படகில் மூத்தவரான தொழிலாளி என் பக்கம் வந்தார்.

"மொத நாள் பின்னேரம் அஸரோடயே மிஷின் நின்டுட்டு தங்கச்சி. அடியில ஓட்ட. விடியும் வரைக்கும் நாங்க வாளியால தண்ணி அள்ளினம். சுபஹுக்குப் பொறகுதான் சட்டியத் தூக்க உட்டான்."

அந்தப் படகில் தம்பியோடு நான்கு பேர் போயிருந்தார்கள். நான்கு பேருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள். தண்ணீர் ஏற ஏற, ஒரு முழு இரவு, மீன் பிடிக்கும் இடத்தை மச்சான் அறிந்துவிடுவார் என்று இவன் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறான். அன்று வராத கோபம் இப்போது வந்தது.

"இனி இவர்தான் தண்டயல்" என்று அந்த மூத்தவரைக் காட்டினேன். "நீ வேணுமெண்டா இவருக்குக் கீழ போய்த் தொழில் செய்."

எல்லோர் முன்னாலும் தம்பி அழுதான். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். எனக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே படகின் திறப்புச் சாவியை அவன் கையிலிருந்து வாங்கி மூத்தவரிடம் கொடுத்தேன்.