முகூர்த்தப் புடவைக்கு வரி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் உண்டு. தறிக்கும் தராசுக்கும் பொட்டு வைக்கிற அம்மா, புதிதாக வந்த பெட்டியை மட்டும் ஒதுக்குவானேன் என்று மானிட்டரின் நெற்றியிலும் ஒன்று வைத்துவிடுவாள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் வேலூரில் பொருளாதாரம் படித்து முடித்து ஆரணிக்குத் திரும்பி, எங்கள் பட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். "பொண்ணு இன்னா பண்ணுது?" என்று கேட்பவர்களிடம் அப்பா, "கம்ப்யூட்டர்ல கெவர்மெண்டு வேலை பார்த்துகினு இருக்குது" என்று கூசாமல் புளுகுவார்.

நான் பார்த்ததோ யாரும் சம்பளம் தராத வேலை. எந்தெந்த நாட்டிலோ இருந்த சிலர் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. இலவசம். உள்ளே இருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். ஒரு வரியை ஏற்றினாலோ இறக்கினாலோ ஜனங்கள் எதை வாங்குவார்கள், எதைக் குறைப்பார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். சோப்பு, சர்க்கரை, பெட்ரோல் என்று எதைக் கொடுத்தாலும் கோடு போட்டுக் காட்டும். எனக்கு அதன் மேல் பைத்தியம். அடுத்தவர் வீட்டுச் சமாசாரத்தில் மூக்கை நுழைக்கிற என் புத்திக்கு அதைவிடத் தோதான விளையாட்டு வேறு எங்கே கிடைக்கும்?

அந்த வருஷம் புரட்டாசி வாக்கில் ஊரில் ஒரு வதந்தி கிளம்பியது. தை பிறந்ததும் பட்டுப் புடவைக்குப் புது வரி வரப்போகிறதாம். டீக்கடையில் கேட்ட கையோடு அப்பா என் அறைக்கு ஓடி வந்தார்.

"உன் பொட்டியக் கேளும்மா. வரி வந்தா நம்ம யாவாரம் இன்னா ஆவும்?"

எங்கள் கடை விற்பனையைப் பொழுதுபோகாமல் ஏற்கெனவே அதில் ஏற்றி வைத்திருந்தேன். வரியைக் கூட்டியதும் மலிவான புடவைகளின் கோடு கொஞ்சம் மேலே போனது. கனமான ஜரிகைப் புடவையின் கோடு மாடிப்படியில் தவறியவர் மாதிரி சரிந்தது. விலை ஏறினால் ஜனங்கள் மலிவானதற்கு மாறுவார்கள் என்பது அதன் கட்சி.

அப்பாவுக்கு என் மேல் நம்பிக்கை கம்மி, கம்ப்யூட்டர் மேல் அபாரம். நேராக அம்மாவிடம் போய், "இனிமே கல்யாணப் புடவைக்குப் பாவு குடுக்காத. தைக்கு லைட் வெயிட்டு மட்டும் போதும். கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்றார்.

எங்கள் கடையில் விற்பது அப்பா, நெய்ய வைப்பது அம்மா. முள்ளிப்பட்டில் எங்களுக்காகத் தறி ஓட்டுகிறவர்களுக்கு நெய்யப் பாவு நூல் கொடுப்பதும், கரைக்கு டிசைன் போடுவதும் அவள்தான். அந்த வருஷம் ஒரு கோபுரக் கரை வரைந்து வைத்திருந்தாள். நிலைகள் மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் ஜரிகைக் கலசம். சாம்பார் கொதிக்கும்போது கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அதில் ஒரு கோட்டைத் திருத்துவாள். முகூர்த்தப் புடவைக்கென்றே போட்ட கரை அது, லைட் வெயிட்டில் எடுபடாது. ஐப்பசிக்குள் பாவு போகாவிட்டால் தைக்குப் புடவை வராது. அம்மா சண்டை போடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை தறிக்குக் குங்குமம் வைத்தாள், தராசுக்கு வைத்தாள், என் அறையைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுவாரம் தேவிகாபுரத்திலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி பஸ் பிடித்து வந்து இறங்கியது. மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் அம்மா, வெட்கப்பட மறந்துபோன பெண். தையில் கல்யாணம். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டாரின் செலவு, கை காட்டுவது பெண். நான் புடவை மடித்துக் கொடுக்க உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணின் கை கடையிலேயே கனமான புடவையைக் காட்டியது.

அப்பா பதறிப்போய்த் தடுத்தார். "இது மாதிரிக்கு வெச்சதுங்க, ஆர்டர் குடுத்துதான் நெய்யணும். தைக்கு வரி வருதாம், வெல ஏறிடும். கொஞ்சம் லைட்டா காட்டட்டுங்களா?"

பெண்ணின் அம்மா தலைக்கு மேல் சுற்றிய ஃபேனைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா, சம்மந்தியின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏறனா ஏறிட்டுப் போவுது. எங்க வூட்டு மருமவளுக்கு இதான். நாளைக்கு ஒருத்தர் ஒரு சொல்லு சொல்லக் கூடாது பாருங்க."

"உங்க இஷ்டங்க சம்மந்தி" என்று பெண்ணின் அம்மா பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷமே மாப்பிள்ளையின் அம்மா அப்பா பக்கம் குனிந்து குரலை இறக்கினாள். "நாத்தனாருங்களுக்கு எடுக்கணும், ஓரகத்திங்களுக்கு எடுக்கணும். அதெல்லாம் லைட்டா காட்டுங்க. பட்டு மாதிரி இருந்தா போதும்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மடித்த புடவையை அப்படியே போட்டுவிட்டு அறைக்கு ஓடினேன். நிரலைத் திறந்தால் பட்டவர்த்தனமாக இருந்தது. காசு கொடுப்பவரும் தேர்ந்தெடுப்பவரும் கட்டிக்கொள்பவரும் ஒரே ஆள் என்று எழுதி வைத்திருந்தார்கள். சோப்புக்கு அது சரி. கல்யாணப் புடவையில் கொடுப்பவர் ஒருவர், கட்டிக்கொள்பவர் இன்னொருவர், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற சம்மந்தி வேறு. நான் ஆட்களைப் பிரித்து எழுதினேன். பார்த்துக்கொண்டிருக்க ஒரு சம்மந்தியையும் சேர்த்தேன். நடுவில் கரண்ட் போயிற்று, டெலிபோன் லைன் போயிற்று, என் பொறுமையும் போயிற்று. ஒருவழியாக ஓடவிட்டபோது முகூர்த்தப் புடவையின் கோடு வரிக்கு அசைந்தே கொடுக்கவில்லை. நாத்தனார் புடவையின் கோடுதான் தலைகுப்புற விழுந்தது. பட்டு மாதிரி இருந்தால் போதும் என்கிறவர்கள் விலை ஏறினால் அசல் பட்டையே விட்டுவிடுவார்களாம். அப்பா தைக்கு அடுக்க நினைத்த லைட் வெயிட்டெல்லாம் அந்த ரகம்தான்.

இரண்டு பேரையும் உட்காரவைத்துக் காட்டினேன்.

"முன்ன வேற மாதிரி சொல்லுச்சே?" என்றார் அப்பா.

"முன்ன அதுக்கு சம்மந்தி யாரும் இல்லப்பா."

அப்பா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, அம்மா பக்கம் திரும்பாமலே, "சரி, குடு பாவு" என்றார். அம்மா கோட்டை விரலால் தொட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிப் பார்த்தாள். மறுநாளே முள்ளிப்பட்டுக்குப் பாவு போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை மானிட்டருக்குப் பெரிய பொட்டு, கூடவே ஒரு முழம் மல்லி. பூவின் ஈரம் உள்ளே இறங்கிவிடுமோ என்று பயமாக இருந்தாலும் எடுக்க மனம் வரவில்லை.

திருத்தத்தை மென்பொருள்காரர்களுக்கு அனுப்பினேன், சேர்த்துக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், எங்கள் ஊர்க் கல்யாணத்திலும் இதே கூத்துதான் என்று எழுதியிருந்தார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வரி கடைசி வரை வரவேயில்லை. கோபுரக் கரை மட்டும் வந்த வேகத்தில் விற்றுப் போனது.

பிறகு எனக்கும் கல்யாணம் நிச்சயமானது. புடவை எடுக்க வருங்கால மாமியார் எங்கள் கடைக்கே வந்தார். "நம்ம கடைங்க, காசெல்லாம் வேணாங்க" என்று அப்பா கல்லாவிலிருந்தபடி கும்பிட்டார். மாமியார் விடவில்லை. "அது மொறை இல்லீங்க சம்மந்தி. நாங்கதான் எடுக்கணும், பில்லு போடுங்க" என்றவர் என்னைப் பார்த்து, "உனுக்கு எது புடிச்சிருக்குதோ காட்டும்மா" என்றார்.

விலையும் வரியும் கோடும் அறிந்தவள் நான். பாவம், லைட்டாக ஒன்றைக் காட்டினால் என்ன என்று ஒரு நொடி நினைத்ததும் உண்மை. அம்மா அலமாரிப் பக்கம் நின்று வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை கோபுரக் கரைக்குத்தான் போனது.

மாமியார் என் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதையே எடுங்க" என்றார். பிறகு அப்பா பக்கம் குனிந்து, "நாத்தனாருங்களுக்கு மட்டும் கொஞ்சம் லைட்டா..." என்று ஆரம்பித்தார்.

அம்மா கையிலிருந்த புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.